செகண்ட்ஸ் என்று நான் சொன்ன சிடி பிளேயர்

மங்கலம்பேட்டையில் வாங்கிய என் சிடி பிளேயரில் ஒரு பழுதும் இருக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஊரெல்லாம் ஒரு விதமாகச் சொல்லிவிட்டுப் பிறகு போய் உண்மையைச் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு இருக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும்.

நான் படித்தது வேதியியல். அதன் மேல் பீங்கான் தொழிலுக்கான படிப்பு. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பவனாகச் சேர்ந்தேன். ஓய்வு வயது தாண்டியும் முதலாளி என்னை விடவில்லை. சூளையிலிருந்து இறங்கிய சரக்கை ஒரு மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. நன்றாக வெந்த பீங்கான் மணி மாதிரி கேட்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் செத்து விழும். விரிசல் விட்டது குப்பைக்குப் போகும். மேலுக்கு லேசான குறை உள்ளது செகண்ட்ஸ் என்று மலிவு விலைக்குப் போகும். எங்கள் ஊரில் அந்த வார்த்தை பால்காரருக்கும் தெரியும். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த பெண்கள் அவனைப் பிடிக்காவிட்டால் ‘செகண்ட்ஸ்’ என்று வாய்க்குள் சொல்லிச் சிரிப்பார்கள்.

‘சார் தட்டிட்டாரா?’ என்று கேட்டுவிட்டுத்தான் லாரியில் ஏற்றுவார்கள். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வரும். தொழிற்பேட்டை வாசலில் தர்பூசணி விற்பவர்கூட ஒன்றைத் தூக்கி என்னிடம் நீட்டுவார். தட்டிச் சொல்வேன். வெட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

பாட்டு கேட்பது எனக்குப் பழைய பழக்கம். ரேடியோவும் டேப்பும் சிடியும் சேர்ந்து வீட்டிலிருந்த த்ரீ-இன்-ஒன் செத்துப்போனபோது எல்லோரும் பென் டிரைவுக்கும் போனுக்கும் மாறியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து மகள், “போன்லயே கேக்கலாமேப்பா” என்றாள். அலமாரி நிறைய சிடிக்கள் வைத்திருந்தவனுக்கு அது பதிலாகப் படவில்லை. தனியாக ஒரு பிளேயர், தனியாக ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெட்டி ஸ்பீக்கர் என்று ஆசைப்பட்டேன். சிவப்பும் பச்சையுமாக விளக்கு மின்னுகிற மலிவுச் சாமான் வேண்டாம். மெட்ராஸில் பணக்காரர்கள் கருங்கல் மேல் வைத்து அழகு பார்க்கிற வகையும் வேண்டாம். நடுத்தர விலையில் நல்லதாக ஒன்று போதும்.

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு பாய் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தார். வளைகுடாவில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர். பிள்ளைகள் வளர்ந்ததை போட்டோவில்தான் பார்த்தேன் என்று சொல்வார். கடையில் மிக்ஸி, ஃபேன், டிவி எல்லாம் இருக்கும். தொழிற்பேட்டைக் குடும்பங்கள் கல்யாணச் சீர் சாமான்களுக்கு அவரிடம்தான் போவார்கள். அவரே பேட்டைக்கு வந்து இறக்கி, மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

“இந்தக் கட நிக்கணும் சார்” என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். “இது படுத்துச்சுன்னா எனக்கு மறுபடி ஏரோப்ளேன்தான். அந்த வெயில்ல இனிமே நம்மளால ஆவாது.”

நான் கேட்டதைக் கேட்ட மாதிரியே வரவழைத்துக் கொடுத்தார். பட்டன் அழுத்தினால் தட்டு மெதுவாக வெளியே வரும். சிடியை வைத்துத் தொட்டால் அதே நிதானத்தோடு உள்ளே போகும். பாட்டுக்கு முன்னால் ஒரு மௌனம் இருக்கும். டேப்பில் கேட்கிற இரைச்சல் இல்லாத மௌனம். வீட்டில் நகல் எடுத்த சிடிக்களில் பாதியை அது ஏற்காது. கரண்ட் குறைந்தால் பாட்டின் நடுவில் நின்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதெல்லாம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அதிர்வு ஏறாமலிருக்க நான்கு இன்சுலேட்டர்களைக் காலாக வைத்து அதன் மேல் உட்காரவைத்தேன். என் மனைவி பூ வேலை செய்த துணி ஒன்றைப் போர்த்தினாள். சூடாகும் என்று நான் எடுப்பேன். மறுநாள் திரும்பவும் போர்த்தியிருக்கும்.

ஒரு கச்சேரி சிடியில் கடம் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. கடமும் சுட்ட மண்தான். விரல் நகம் பட்ட இடத்தில் எழுகிற உலோகம் போன்ற சத்தத்தைக் கேட்டால் எந்தச் சூட்டில் வெந்திருக்கும் என்று என் மனம் கணக்குப் போடும். புதிதில் தினமும் அதைப் போட்டேன். அந்த நாட்கள் நன்றாக இருந்தன.

ஒரு வருடமோ அதற்குச் சற்று மேலோ போயிருக்கும். கடம் மங்க ஆரம்பித்தது. நகத்தின் சத்தம் போய், ஈரப் பானையைத் தட்டுவது போல் ஆனது. பஜனை சிடியில் ஜால்ராவே காணோம். லென்ஸில் மண் தூசி படிந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். எங்கள் வீடுகளில் தூசி என்றால் களிமண் தூசிதான், சட்டையோடு வந்துவிடும். துடைத்துப் பார்த்தேன். மாறவில்லை. மனைவி போடுகிற சாம்பிராணிப் புகைமேல் பழி போட்டேன். அவள் வாயைத் திறக்காமல் சாம்பிராணியை வாசலுக்கு மாற்றினாள். அவள் பதில் பேசாததை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். பதில் பேசாமல் இருக்கிற பெண் இல்லை அவள்.

பிளேயரைத் துணியில் கட்டிக்கொண்டு மங்கலம்பேட்டைக்கு பஸ் ஏறினேன். பாய் போட்டுக் கேட்டார்.

“நல்லாத்தானே சார் பாடுது?”

“உங்களுக்கு நல்லா இருக்குது. எனக்கு இல்ல.”

பாய் வாதாடவில்லை. பெட்டி பிரிக்காத புதியது ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். அதே ஈரப் பானை. அதையும் தூக்கிக்கொண்டு, சிடியைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பவும் போனேன். இம்முறை கடையில் காட்சிக்கு வைத்திருந்த பிளேயரில் போடச் சொன்னேன். அதிலும் அதே சத்தம்.

மூன்று பிளேயர்களில் ஒரே குறை கேட்டால் படித்தவன் முதலில் என்ன நினைக்க வேண்டும்? மூன்றுக்கும் பொதுவானது கேட்கிறவனின் காதுதான். ஆனால் நான் சூளைக்காரன். ஒரு சூளையிலிருந்து எடுத்த மூன்று உருப்படியும் செத்த சத்தம் கொடுத்தால், எங்கள் வழக்கத்தில் நான்காவதைத் தட்ட மாட்டோம். சூளை முழுவதையும் தள்ளிவிடுவோம். தன் காதைச் சந்தேகிக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

“பாய், இது மொத்தமும் செகண்ட்ஸ்” என்றேன். கடையில் வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் சிடியை எடுத்து உறைக்குள் வைத்தார். “சார், தப்பா நெனக்காதீங்க. ஒரு தடவ காதக் காட்டிப் பாத்துடுங்க. எங்க அத்தாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. ரேடியோவப் போட்டு ஒடச்சாரு, பாவம்.”

என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. “சரக்கு மட்டம்னு சொன்னா என் காது மட்டம்ங்கறியா?” என்று ஒருமையில் கேட்டேன். என்னைவிடச் சில வயதே இளையவர். அதற்கு முன்னும் பின்னும் அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் முகம் சிறுத்துப்போனது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் பேட்டை டீக்கடையில் சொன்னேன். மங்கலம்பேட்டை பாய் செகண்ட்ஸ் சரக்கை முதல் தரம் என்று விற்கிறார், மூன்றை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன் என்றேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் டீயோடு போயிருக்கும். நான் சொன்னதால் நின்றது. பக்கத்துக் கம்பெனியில் மேல்பூச்சுக் கலக்குகிற மேஸ்திரி, மூத்த மகளின் கல்யாணத்துக்காக பாயிடம் சொல்லிவைத்திருந்த சாமான்களை வேண்டாம் என்றார். நெய்வேலிக்குப் போய் வாங்கினார். “சாரே தட்டிப் பாத்துட்டாரு” என்று காரணமும் சொன்னார். அதன் பிறகு பேட்டையில் பாயின் வண்டி இறங்கி நான் பார்க்கவில்லை. பிளேயரை வீட்டில் துணியின் கீழேயே விட்டுவிட்டேன்.

ஒரு மதியம் சாப்பாட்டுக்குக் கிளம்பியவன், கண்ணாடியை மறந்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினேன். சரக்குப் பிரிக்கிற பெண்கள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து, நான் காலையில் சரி என்று தள்ளிய இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சிறிய குவியலாகச் சில தனியே கிடந்தன. என்னைப் பார்த்ததும் இளையவள் குச்சியை முந்தானைக்குள் மறைத்தாள். மூத்தவள் மறைக்கவில்லை.

“கோச்சிக்காதீங்க சார். மொதலாளிதான் சொன்னாரு. சாரு தட்டுனப்புறம் நீங்க ஒரு தட்டு தட்டிடுங்க, சாருக்குத் தெரிய வேணாம்னு.”

“எப்பலேருந்து?”

“அது ஆச்சு சார். போன தீபாவளிக்கும் மிந்தியே.”

நான் மங்கலம்பேட்டையில் குரல் உயர்த்தியது அந்தத் தீபாவளிக்குப் பிறகு. இது என் மனதில் ஓடி முடிய நேரம் பிடித்தது. அந்தப் பெண்ணும் பாயிடம் மிக்ஸி வாங்குவதாக இருந்து, நான் சொன்னதால் நிறுத்தியவள்.

“என் காது போச்சுன்னு தெரிஞ்சுகிட்டேதான் நான் சொன்னத நம்புனியாம்மா?”

அவள் உண்மையாகவே யோசித்தாள். “பீங்கானுக்குத்தானே சார் போச்சு. பாட்டுக்கும் போயிருக்கும்னு நாங்க என்னத்தக் கண்டோம்?”

தனியே கிடந்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டினேன். சரியாகத்தான் கேட்டது. அவள் கையிலிருந்ததை வாங்கித் தட்டினேன். அதுவும் அப்படியேதான் கேட்டது. இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினேன். இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“என் காது விஷயம் ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாம இருக்குமா? வாசல் மணி அடிச்சா நான்தானே ஓடுறேன். ஜால்ரா எங்க, ஜால்ரா எங்கன்னு நீங்க தேடறச்ச அது ஜல்லு ஜல்லுனு எனக்கு இங்க கேட்டுகிட்டுத்தான் இருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வேலய விட்டு நின்னுடுவீங்க. அப்புறம் வூட்ல உக்காந்துகிட்டு என் கொழம்பத் தட்டிப் பாப்பீங்க.” சிரிப்பேன் என்று எதிர்பார்த்தாள். நான் சிரிக்காததைக் கண்டு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அந்த பாய நான் அப்படிப் பேசுனனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

“அவரு வியாபாரி. ஒரு கட போனா இன்னொரு கட. ஒங்களுக்கு வேற என்ன இருக்குது, சொல்லுங்க.”

அவளுக்கு இதில் குற்ற உணர்வே இல்லை. என்னைக் காப்பாற்றியதாகத்தான் இன்றைக்கும் நினைக்கிறாள். முதலாளியும் அப்படியே. “உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சார்” என்றார். என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்ட அத்தனை பேரும், நான் இன்னொருவரின் பிழைப்பில் கை வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். என்னைச் சுற்றியிருந்தவர்களில் உள்ளதைச் சொன்னவர் ஒருவர்தான். அவரைத்தான் ஏமாற்றுக்காரர் என்று ஊரில் சொன்னேன். ஏமாற்றப்பட்டவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் உணர்ந்தது அதைத்தான். இன்றைக்கும் அவர்கள் யாரையும் முழுதாக மன்னிக்க முடியவில்லை. என்னையும்தான்.

கடலூரில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் மாட்டிச் சோதித்தார்கள். மெல்லிய உயர்ந்த சத்தங்கள் எனக்கு வருவதில்லை, கனத்தவை வருகின்றன, அதனால் பேச்சில் பெரிதாகத் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். எங்கே வேலை என்று கேட்டார். மண் அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் கழித்த காலத்தைச் சொன்னேன். அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. காதுக்கு மெஷின் எழுதிக் கொடுத்தார். வர நாளாகும் என்றார்.

அங்கிருந்து நேராக மங்கலம்பேட்டைக்குப் போனேன். கடையில் பாதி அலமாரி காலியாக இருந்தது. பாய் தரையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மடக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார். அந்த மரியாதை எனக்கு வலித்தது. டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

“விசா வந்துடுச்சு சார்” என்றார். “மச்சான் வேல பாக்குற எடத்துலயே. குடோன்ல.”

“இன்னும் கிளம்பலையே பாய்?”

“தை மாசம் வரைக்கும் பாக்கலாம்னு வூட்ல சொல்றாங்க. கல்யாண ஆர்டர் ரெண்டு கெடச்சா ஓட்டிடலாம். பேட்டைலேருந்துதான் வரணும். எப்பவும் அங்கேருந்துதானே வரும்.” மடக்கிய அட்டைகளைக் கயிற்றால் கட்டினார். “என்கிட்ட வந்து சொல்லி என்ன சார் ஆவும்? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க.”

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். மேஸ்திரி இருந்தார். இளைய மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தார். அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போயிருந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் காது கெட்டுப்போய்விட்டது, பாயின் சரக்கு முதல் தரம், நான் சொன்னது தப்பு. இதைச் சொன்ன பிறகு கம்பெனியில் தட்டுகிற வேலை எனக்கு இருக்காது என்பது தெரிந்தே சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை.

“காது விசயம் எங்களுக்குத் தெரியுமே சார்” என்றார் டீ ஆற்றுகிறவர். “டீய வச்சுட்டு ‘சார்’னு கூப்புட்டா நீங்க எங்க திரும்புறீங்க? மேசைல ஒரு தட்டு தட்டுனாத்தான் பாப்பீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. நிதானமான மனிதர், என் பேச்சைக் கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“சார், காது நல்லா இருந்தப்ப மட்டம்னு சொன்னீங்க. இப்பக் காது கேக்கலன்னு நீங்களே சொல்றீங்க. கேக்காத காத வச்சுகிட்டு நல்லா இருக்குதுங்கறீங்க. நான் எத எடுத்துக்கறது?”

“அப்பவே கேக்கலைய்யா.”

“அத யாரு கண்டா?”

“டாக்டர் சொல்றாரு.”

“டாக்டரு இன்னிக்கு சோதிச்சுச் சொல்றாரு. நீங்க அன்னிக்குக் கேட்டதப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?” கிளாஸைக் கீழே வைத்தார். “பொண்ணு சீரு சார். ஒரு பேச்சு வந்த கடைல போயி வாங்க மனசு வராது. நெய்வேலில சொல்லிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. என் வார்த்தையை நம்பி ஒரு மனிதரை ஒதுக்கியவர்கள், அதே வாய் திருத்திச் சொல்லும்போது நம்ப மறுத்தார்கள். மேஸ்திரியின் பேச்சில் பிழை எங்கே என்று அங்கேயே நின்று யோசித்தேன். கண்டுபிடித்தேன், எடுத்தும் சொன்னேன். அதற்குள் அவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்.

தை பிறப்பதற்குள் இன்னும் சில வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன். உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். சார் பாவம் என்று முகத்தில் எழுதியிருந்தது. ஒருவரும் மங்கலம்பேட்டைக்குப் போகவில்லை.

பாய் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்தேன். கடையில் தம்பி மகன் போன் கவர்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். மேஸ்திரி கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரியான ஆளு சார் அவரு. கேள்வி சரியாத்தான் கேட்டுருக்காரு.”

பிளேயரைத் திருப்பித் தந்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், அது உங்களுடையது என்றார். பிறகு நாங்கள் இருவரும் கடை வாசலில் தெருவைப் பார்த்தபடி நின்றோம்.

“ஒங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் சார்” என்றார். “இருக்குது. அங்க போயி நின்னாத்தான் அது முழுசா வரும்.” என் முழங்கையைத் தொட்டார். “விருத்தாசலம் பஸ்ஸு ஆரன் அடிக்கிறான் பாருங்க. ஏறுங்க.”

எனக்கு ஆரன் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் கையைக் காட்டி அதை நிறுத்தி வைத்தார். நான் ஏறும் வரைக்கும் கையை இறக்கவில்லை.